கடைசித் துண்டும் மூன்று கோட்பாடுகளும்

பூமி தன் பாதையை விட்டு உருண்டு ஓடாமல் இருப்பதற்கு யார் காரணம் என்று விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வடக்கு ஸ்வீடனில் இருக்கிற எங்கள் ஊரில் கேட்டால் சொல்லியிருப்போம். இங்கே குழந்தைகளுக்குப் பனிச்சறுக்குத் தலைக்கவசம் செய்கிற தொழிற்சாலையின் அறநெறி அலுவலர் ஹென்னிங்தான் காரணம். அவர் ஒருநாள் விடுப்பு எடுத்தால் தேவதூதர்கள்கூடப் படிவம் நிரப்பாமல் பறக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இவர் தனி ஆள் என்று நினைக்காதீர்கள். இது ஓர் இனம். சட்டைப்பையில் மூன்று கோட்பாடுகளோடு நடமாடும் இனம். ஒரு வேலையைத் தட்டிக்கழிக்க வேண்டுமா? கடமைக் கோட்பாடு: "குடுத்த வாக்கை மீற முடியாதுங்க." செய்துவிட்டதற்குச் சமாதானம் சொல்ல வேண்டுமா? விளைவுக் கோட்பாடு: "மொத்தத்துல பாத்தீங்கன்னா, நெறைய பேருக்கு நல்லதுதானே?" இரண்டும் எடுபடவில்லையா? இருக்கவே இருக்கிறது நற்பண்பு: "நாம எப்படிப்பட்ட மனுஷங்களா இருக்கணும்னு யோசிப்போம்." யோசித்து முடிப்பதற்குள் ஐந்து மணி ஆகிவிடும். வீட்டுக்குப் போய்விடலாம்.

அன்று புதன்கிழமை, காப்பி வேளைக் கூட்டம். தட்டில் ஏலக்காய்க் கேக் ஒரே ஒரு துண்டு மிச்சம். கடைசித் துண்டை முழுசாக எடுப்பவன் எங்கள் ஊரில் மனிதனே இல்லை. பாதியை வெட்டிக்கொண்டு பாதியை வைக்க வேண்டும். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. கடைசியில் எறும்புக்குக்கூடப் போதாத ஒரு பொடி தட்டில் கிடக்கும். அதையும் யாரும் தொட மாட்டார்கள்.

சோதனைக்கூடத்து இல்வா உறைபெட்டியில் வைத்திருந்த ஒரு தலைக்கவசத்தோடு வந்தாள். தாடைப் பட்டையின் கொக்கியை இரண்டே விரலால் அழுத்தினாள். படக்கென்று முறிந்தது.

"மைனஸ் பதினஞ்சு டிகிரி குளிர்ல எல்லாக் கொக்கியும் இப்படித்தான் போகுது. வெள்ளிக்கிழமை இதுங்களை ஏத்திக்கிட்டு லாரி கிளம்பக் கூடாது. அடுத்த வாரம் பள்ளிக்கூடம் லீவு. பிள்ளைங்க பூரா பனிச்சரிவுலதான் கிடக்கும்."

"எல்லாத்தையுமா நிறுத்தணும்?" என்றார் விற்பனைப் பிரிவு ஸ்டெல்லான், பாவமாக.

ஹென்னிங் கத்தியை எடுத்துக் கேக்கைப் பாதியாக்கினார். "கடைக்காரங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கோம், அது கடமை. தெற்குல குளிர் கம்மிதானே? அங்க போறதை விட்டுட்டு, வடக்கே போற பாதியை மட்டும் நிறுத்துவோம்."

ஸ்டெல்லான் மிச்சத்தை வெட்டினார். "அதுலயும் பெரிய அளவு போகட்டும். சின்ன அளவை மட்டும் நிறுத்தலாம்."

"மொத்தத்துல பாத்தீங்கன்னா, அதுவும் நல்லதுதான்," என்றார் ஹென்னிங்.

மூன்றாவதாக ஒரு கை நீண்டு வெட்டியது. மேசையைச் சுற்றித் தலைகள் ஆடின. "நிதானமும் ஒரு நற்பண்புதான்," என்று ஹென்னிங் முடித்தபோது, நிறுத்துவதற்கு மிஞ்சியது ஒரே ஒரு பெட்டி.

இல்வாவுக்குக் காதுமடல் சிவந்தது. எல்லாரும் ஒத்துப்போகிற மேசையில் ஒருத்தி மட்டும் மறுப்பது எவ்வளவு அசிங்கம் என்று அவளுக்குத் தெரியாதா? பத்தொன்பது வருடமாகத் தலையாட்டியவள்தானே?

"ஏன் ஹென்னிங், பிள்ளைங்க மண்டையும் இதே மாதிரி பாதிப் பாதியாத்தான் உடையுமா?"

கேட்டுவிட்டு, தட்டில் கிடந்த கடைசித் துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அய்யய்யோ, முழுசா எடுத்துட்டியே!" ஸ்டெல்லான் அலறிவிட்டார். கொக்கி முறிந்தபோது அவர் இப்படி அலறவில்லை.

"ஆமா, நான்தான் எடுத்தேன். லாரியை நிறுத்தினதும் நான்தான்னு எழுதிக்கோங்க. சோதனைச் சான்றுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் கையெழுத்து இல்லாம அது எப்படி நகருதுன்னு பாக்குறேன்."

லாரி நகரவில்லை. ஹென்னிங்கின் அறிக்கையில் அது 'நமது நிறுவனத்தின் கூட்டுத் துணிவு' ஆயிற்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மறுநாள் முழுக்க, தொண்டை கட்டும்வரை, ஒவ்வொரு கடைக்கும் அவரே தொலைபேசியில் பேசினார். கோட்பாடு ஒன்றும் சொல்லவில்லை. "பிள்ளைங்க தலை விஷயங்க. மன்னிச்சுக்கோங்க," என்று மட்டும்தான் சொன்னார்.

சிரிக்கிறீர்களா, வாசகரே? முதலில் உங்கள் சட்டைப்பையைத் தடவிப் பாருங்கள்.

இதை எழுதிச் சமையலறை மேசையில் வைத்திருந்தேன். ஹென்னிங் எடுத்துப் படித்துவிட்டார். அவர் என் அப்பா என்பதை மேலே எங்கும் நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் அனுப்பிய வேலைப்பயிற்சி வாரத்தில் நானும் அந்த மேசையில் இருந்ததையும் சொல்லவில்லை.

"நல்லாத்தான் கிண்டல் பண்ணிருக்கே, கழுதை," என்றார் கட்டிய தொண்டையோடு. "அந்த மூணாவது கை யாருதுன்னு எழுதலையே?"

"மொத்தத்துல பாத்தீங்கன்னா, அப்பா…" என்று ஆரம்பித்தேன்.