இரண்டு பானங்கள், இரண்டு சம்பந்திகள்

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. என் முட்டி நீங்கலாக இங்கே அனைவரும் நலம். அக்காவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். அவள் சமையலறை அலமாரியின் இனிப்பு டப்பாக்களைப் பார்த்தவன் என்பதால் நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

என் மகளின் கல்யாண வரவேற்பில் மது வைப்பது பற்றி மாப்பிள்ளையின் தகப்பனாருக்கும் எனக்கும் ஏற்பட்ட மனத்தாங்கல் உங்கள் காதுக்கு வந்திருக்கும். அவர் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இல்லாத இடத்தில் நாங்கள் அவரை ‘சிக்னல்’ என்றே சொல்வோம். தன்னோடு வேலை பார்த்தவர்களுக்கு எல்லா வகை மதுவும் வேண்டும் என்றார் அவர். செலவில் பாதி என் தலையில் என்பதால் ஒரு சொட்டும் கிடையாது என்றேன் நான். அதோடு பேச்சு நின்றது. கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்கக்கூட என் தையல் கடைக்கு வராமல் எதிர்வரிசைக் கடைக்குப் போனார். அந்த ஆள் காலர் வெட்டும் லட்சணம் உங்களுக்கே தெரியும். “ரெண்டு அப்பாவும் இப்படியே இருந்தா வரவேற்பே வேணாம்ப்பா. ரிஜிஸ்டர் பண்ணிட்டு வீட்டுக்கு வந்துடறோம்” என்றாள் உங்கள் மருமகள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள். “முழு பாரும் வேணாம், ஒண்ணுமே இல்லாமலும் வேணாம். பொண்ணுக்கு ஒண்ணு, மாப்பிள்ளைக்கு ஒண்ணு, ரெண்டே ரெண்டு சிக்னேச்சர் காக்டெயில். பெரிய ஜாடியில மொத்தமா கலந்து வெச்சுட்டா செலவு கால்வாசிதான்.” சிக்னேச்சர் என்றதும் நான் சட்டைப்பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதைப் பார்த்து உங்கள் தங்கையைப் போன்ற என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்க மகளோடு நானும் மனைவியும் ஓட்டலுக்குப் போனோம். அத்தான், அந்த அறையை நீங்கள் பார்க்க வேண்டும். சுவர் முழுக்கப் பாட்டில்கள், அவற்றின் பின்னால் விளக்கு. முப்பது வருடம் துணியோடு புழங்குகிறேன், இத்தனை நிறங்களை ஒரே இடத்தில் கண்டதில்லை. வாயைப் பிளந்தபடி உயர முக்காலி ஒன்றில் ஏறினால் பக்கத்து முக்காலியில் சிக்னல் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் இரண்டும் பேசிவைத்துக்கொண்டு இருவரையும் வரவழைத்திருக்கின்றன. இறங்கிப் போய்விடலாம் என்று பார்த்தேன், கால் தரைக்கு எட்டவில்லை. அதற்குள் பானம் கலக்குபவர் முதல் கோப்பையை வைத்தார், அதிலிருந்து குபுகுபுவென்று புகை வந்தது, தீப்பிடித்துவிட்டது என்று நான் தண்ணீரை எடுத்து ஊற்றினேன், அது சிக்னலின் மடியில் போய் விழுந்தது, அவர் கைக்குட்டையை எடுத்து மடியைத் துடைத்தார், “அது அலங்காரப் புகை சார்” என்றார் கலக்குபவர், “அதுதான் இருக்கறதுலயே விலை ஜாஸ்தி” என்றாள் மகள், அந்தப் பானம் அதோடு போயிற்று.

இரண்டாவது ஆரஞ்சும் இஞ்சியும் கலந்தது. அடியில் செங்கல் நிறம், மேலே போகப்போக வெளுத்து மஞ்சள். நல்ல பட்டில்தான் அப்படி நிறம் நிறத்துக்குள் கரையும். வாழ்நாளில் மதுவைத் தொடாதவன், மருந்து மாதிரி ஒரே மூச்சில் குடித்தேன். சிக்னலும் குடித்தார். காது சூடானது. மார்புக்குள் ஏதோ பித்தான் கழன்றது.

“ரிட்டயர் ஆனப்புறம் ஒருத்தரும் போன் பண்றதில்ல சம்பந்தி” என்றார் அவர் திடீரென்று. “சும்மா கூப்பிட்டா வரமாட்டாங்க. குடிக்கக் கிடைக்கும்னாலாவது வருவாங்கன்னு நெனச்சேன்.”

அத்தான், நான் வாயைத் திறந்தேன். நான் நினைக்காததெல்லாம் வந்தது. “எனக்குச் செலவு பெரிசில்ல. பொண்ணு போயிட்டா வீட்டுல பேசறதுக்கு யாரு இருக்கா? அதைச் சொல்லத் தெரியாம செலவைச் சொல்லிட்டேன்.”

“அப்ப நான் யாரு?” என்றாள் என் மனைவி பின்னாலிருந்து.

சிக்னல் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அவர் தோளில் தலைவைத்து நான் அழுததாகச் சொல்கிறார்கள், அதை மறுக்கவில்லை. பையிலிருந்த டேப்பை எடுத்து அங்கேயே அவருக்குச் சட்டை அளவு எடுத்தேன். பெண்ணுக்கு ஆரஞ்சு இஞ்சி, மாப்பிள்ளைக்குக் கறுப்புத் திராட்சை எலுமிச்சை என்று முடிவாயிற்று. அவருடைய பழைய நண்பர்களை நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போய் அழைப்பதாகவும் முடிவு.

ஒரு கோப்பைக்குள் இவ்வளவு வல்லமையா என்று எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. மனிதனுக்குள் பூட்டிக்கிடப்பதை இப்படித் திறக்கும் சரக்கை இத்தனை வருடம் பழித்துவிட்டேனே. நீங்களும் அவசியம் வந்து ஒரு கோப்பை அருந்த வேண்டும். அக்காவோடு உங்களுக்கு ஏதாவது மனத்தாங்கல் இருந்தால் அவளுக்கும் ஒன்று.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும், இடைப்பட்ட வயதினருக்கு இரண்டிலும் பாதியும் உரித்தாகுக.

இப்படிக்கு,
முட்டி வலியோடும் மகிழ்ச்சியோடும்,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஓட்டலிலிருந்து அந்தக் கலக்குபவர் கூப்பிட்டார். “மது சேர்த்து ஒரு தடவை ருசி பாக்கறீங்களா சார்? அன்னிக்குக் குடுத்தது வெறும் ஜூஸுதான். மதுவுக்குத் தனிக்காசுன்னு சொன்னதால உங்க பாப்பா வேணாம்னுட்டாங்க.” ஆகவே மது பற்றி மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அப்படியானால் அன்று பேசியது யார் என்று யோசித்துக்கொண்டு போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். சாயந்திரம் சிக்னல் சட்டையைப் போட்டுப் பார்க்க வந்தார். “அந்தச் சரக்கு மட்டும் உள்ள போகலேன்னா நான் வாயத் திறந்திருக்கவே மாட்டேன் சம்பந்தி” என்றார். என் வாயில் குண்டூசிகள் இருந்தன. தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஒன்றை எடுத்துக் காலரில் குத்தினேன்.