சொல்தா கையை விட்ட நாள்

காரைக்கால் மண்ணில் சொல்தாவைப் போன்ற பயந்தாங்கொள்ளி இதுவரை பிறந்ததில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இது தெரியாமல் அவருக்கு இரண்டு வீரப் பதக்கங்களைக் கொடுத்துவிட்டார்கள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். காரைக்காலை அடுத்த கோட்டுச்சேரியில் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் உண்டு. ஆனாலும் வெறுமனே சொல்தா என்றால் அது என் எதிர்வீட்டுக்காரர்தான். வியட்நாமில், சைகோன் பக்கத்துக் காட்டில் குண்டு பறக்கும்போது உட்கார்ந்து சாப்பிட்டவர். மீசை பக்கத்துக்கு மூன்று அங்குலம். நாற்பத்தைந்து வயதில் அவருக்கு லூசி பிறந்தாள். அன்றோடு வீரம் போயிற்று.

லூசி பள்ளிக்கூடம் போகிற வழியில் பதினெட்டுத் தென்னைமரங்கள். (எனக்கும் இரண்டு பையன்கள், எண்ணியிருக்கிறேன்.) சொல்தா மரத்துக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய், பள்ளிக்கூடம் விடும்வரை காய் விழக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். "மரத்துக்கிட்ட சொல்லிப் பாக்குறேங்க" என்றார் ஒருவர். சொல்தா நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்து நாய்கள். அவை பிள்ளையைக் கடிக்காமலிருக்க வேண்டுமே என்று தினமும் ரொட்டி போட்டுச் சிநேகம் பிடித்தார். ஒரே மாதத்தில், லூசிக்கு முன்னால் நான்கு நாய், பின்னால் ஐந்து நாய் என்று ஊர்வலம் கிளம்பியது. அவை வகுப்பு வாசலில் படுத்துக்கொண்டு டீச்சரை உள்ளே விடவில்லை.

"பொண்ணை மட்டும் அனுப்புங்க, நாயை அனுப்பாதீங்க" என்றார் டீச்சர்.

"நாயில்லாம எப்படிங்க அனுப்புறது? வழியெல்லாம் நாயாச்சே!" என்றார் சொல்தா.

காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் சாமி ஊர்வலம் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நின்று பிடிப்பதற்கு மத வித்தியாசம் கிடையாது, எல்லோரும் போவோம். ஏழு வயது லூசியும் அழுது அடம்பிடித்தாள். சொல்தா பெட்டியைத் திறந்து, பட்டாளத்து இரும்புத் தொப்பியை எடுத்து அவள் தலையில் கவிழ்த்தார். மூக்குவரை மூடிக்கொண்டது. முதல் பழம் தற்செயலாகத்தான் அதன்மேல் விழுந்தது. 'டங்' என்றது. மாடிக்காரர்களுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று. அப்புறம் அந்த மாடியிலிருந்து வந்த பழமெல்லாம் லூசிக்குத்தான்.

"எதிரி உசரத்துல இருக்கான்! பின்வாங்கு பாப்பா!" என்று சொல்தா அலறினார். அவள் பாவாடையை இன்னும் அகலமாக விரித்துப் பிடித்தாள். வீட்டுக்கு வந்து எண்ணினேன்: அவளுக்கு இருபத்தாறு பழம். என் பையன்கள் இருவருக்கும் சேர்த்து மூன்று.

உண்மையான சிக்கல், லூசிக்குக் காரைக்காலில் கல்லூரி கிடைத்தபோது வந்தது. காலை பஸ்ஸில் படிக்கட்டில்தான் இடம். அதற்குச் சொல்தா செத்தாலும் சம்மதிக்க மாட்டார். ஆகவே சைக்கிள். ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது எல்லா அப்பாக்களும் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். இவர் அவள் கற்று முடித்த பிறகும் விடவில்லை. கோட்டுச்சேரியிலிருந்து கல்லூரி வாசல்வரை பிடித்தபடியே ஓடினார். சாயங்காலம்வரை அங்கேயே காத்திருந்து, பிடித்தபடியே திரும்பி ஓடிவந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு.

"ஏ லூசி, உன் சைக்கிளுக்கு இன்ஜின் பின்னாலயா?" என்று உடன் படித்தவர்கள் கேட்டார்கள். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து அழுதாள்.

"மாமா, அப்பாவுக்கு மூச்சு வாங்குது. நடு ரோட்டுல விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? பேசாம படிப்பை நிறுத்திடுறேன்."

நான் சொல்தாவிடம் போனேன். "அண்ணே, சண்டையிலயே பயப்படாத ஆளு நீங்க..."

"பயப்படலன்னு யாரு சொன்னது?" என்றார். "ஆனா தம்பி, அங்க முன்னாடி போனவன் நான். இங்க முன்னாடி போறது அவ."

அடுத்து அவரே கேட்டார்: "பையன்களை அனுப்பிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஜன்னல் கம்பியை எண்ணுவேன்."

"எத்தனை?"

"பதினொண்ணு."

"போதுதா?"

"போதலைண்ணே."

நான் போன காரியம் அதோடு முடிந்தது.

காரியத்தை முடித்தவள் லூசிதான். மறுநாள் காலை, கடைசி வீடு தாண்டியதும், சைக்கிளை மிதித்தபடியே பட்டாளத்துக் குரலில் கத்தினாள்: "கார்தாவூ!"

பிரெஞ்சுப் பட்டாளத்தில் 'விறைத்து நில்' என்பதற்கான உத்தரவு அது. சின்ன வயதில் அவரே விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தது. சொல்தாவின் குதிகால்கள் 'டப்'பென்று சேர்ந்தன. இரண்டு கைகளும் கேரியரை விட்டுவிட்டு வேட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டன. சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது.

"பாப்பா! ரெப்போ சொல்லும்மா!" என்று வாய் மட்டும் கதறியது, உடம்பு அசையவில்லை. ரெப்போ என்றால் 'இளைப்பாறு'.

"சாயங்காலம் வந்து சொல்றேம்பா!"

அன்று முழுக்க மனுஷர் அந்த இடத்திலேயே நின்றார். அவர் மனைவி பிலோமினா அக்கா சோறு கொண்டுவந்தார்.

"வாயைத் தொறங்க, மானத்தை வாங்காதீங்க."

"உத்தரவு இல்ல."

பஸ்கள் ஒதுங்கிப் போயின. தெரு நாய்கள் வந்து சுற்றி உட்கார்ந்தன. நான் குடை பிடித்தேன். சாயங்காலம் லூசி தனியாக வந்து இறங்கி, "ரெப்போ" என்றாள். அவர் தோள் தளர்ந்தது.

"விழுந்தியா?"

"ஒரு வாட்டிப்பா."

"அடியா?"

"முட்டியில. லேசா."

"சரி" என்றார் சொல்தா. எத்தனையோ வருஷமாக அவர் வாயில் வராத சொல்.

அதன்பிறகு அதுவே வழக்கமாயிற்று. தெருமுனையில் கார்தாவூ, சைக்கிள் சாலை வளைவில் மறையும்போது அங்கிருந்தே அவள் கத்தும் ரெப்போ. நடுவில் உள்ள நேரம் முழுவதும் அவர் பயத்துக்கு. அதற்குப்பின் வீட்டுக்கு வந்து காப்பி குடிப்பார்.

படிப்பு முடிந்து லூசிக்குப் பாண்டிச்சேரியில் வேலை கிடைத்தது. வழியனுப்பப் போயிருந்தோம். பஸ் நகர்ந்ததும், யாரும் உத்தரவிடாமலே சொல்தா விறைத்து நின்றார். பஸ் வளைவில் திரும்பிற்று. ஹாரன் சத்தத்தில் அவள் சொன்னாளோ இல்லையோ, எங்களுக்குக் கேட்கவில்லை. தூசி அடங்கியும் அவர் அப்படியே நின்றார்.

நான் பட்டாளத்தில் இருந்தவனில்லை. இருந்தாலும் பக்கத்தில் போய், அவர் காதில் மட்டும் விழும்படி சொன்னேன்:

"ரெப்போ, அண்ணே."