பின்னால் சுற்றுவது ஒன்றா, இரண்டா?

படகு நேராகப் பின்னால் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் நேராக இல்லை. அதன் பின்பக்கம் என்ன நினைத்துக்கொண்டதோ, இடது பக்கமாக இழுத்துக்கொண்டே போய், பக்கத்தில் கட்டியிருந்த இன்னொரு படகின் விலாவில் 'கர்ர்ர்' என்று உரசி நின்றது.

அந்த இன்னொரு படகு மாமனாருடையது. அதற்குப் பெயின்ட் அடித்து இப்போதுதான் காய்ந்திருந்தது.

"மாப்ள!" என்று படகுத்துறையிலிருந்து மாமனார் அலறினார். "மரியாதையாச் சொல்றேன், ஸ்டியரிங்லேர்ந்து கைய எடுங்க! எடுத்துட்டு அப்படியே ஏரியில குதிச்சிருங்க!"

மாமனார் மரியாதையில் குறை வைக்கிறவர் இல்லை. மூத்த மகளைக் கட்டிக்கொண்ட மனிதரை ஒரு நாளும் 'நீ' என்று சொன்னதில்லை. "நீங்க ஒரு மக்குங்க", "உங்களுக்கு மண்டையில ஒண்ணும் இல்லீங்க" என்று வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். மாமனார் மாப்பிள்ளை என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளைதான்.

படகில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் பயப்படவே இல்லை. அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரையில் குதித்துக்கொண்டிருந்த மாமனாரை ஆர்வமாகப் பார்த்தார். அவர் கணவரோ வேடிக்கை பார்க்கக் கிடைத்த இடம் நல்ல இடம் என்பதுபோலச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எப்பவுமே இப்படித்தான் பேசுவாரா தம்பி?" என்றார் அம்மா.

"சேச்சே! இன்ஜின் பக்கத்துலயே இருந்து இருந்து, கத்திப் பேசிப் பழகிடுச்சும்மா" என்றார் மாப்பிள்ளை.

இன்ஜின் அப்போது ஓடிக்கொண்டிருக்கவில்லை.

விஷயம் இதுதான். மாமனாரின் பட்டறை மோட்டார் படகுகளுக்கு ஸ்டெர்ன் டிரைவ் விற்கிற இடம். இன்ஜின் படகுக்குள்ளே இருக்கும். அதிலிருந்து ஒரு கால் மாதிரி பின்பக்கம் இறங்கித் தண்ணீருக்குள் நிற்கும். அந்தக் காலுக்குப் பெயர்தான் டிரைவ். அதன் நுனியில் சிலதில் ஒரு புரொப்பெல்லர், சிலதில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு. ஒற்றை நல்லதா, இரட்டை நல்லதா என்று கேட்டுக்கொண்டுதான் அந்தத் தம்பதி வந்திருந்தார்கள்.

பட்டறையின் மேல்தளத்தில் கண்ணாடி போட்ட ஷோரூம். அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத நட்டு போல்ட்டுக் கிடங்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாப்பிள்ளைக்குக் கிடங்குதான். ஷோரூமில் இருந்த ஆள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டதால், மாமனார் வேறு வழியில்லாமல் இவரை மேலே கூப்பிட்டார்.

"இவங்க தலையில ஒண்ணைக் கட்டிட்டீங்கன்னா ஷோரூம் நாற்காலி உங்களுக்கு. கோட்டை விட்டீங்கன்னா..."

"கிடங்கா மாமா?"

"கிடங்குதான். ஆயுசுக்கும்."

மாப்பிள்ளைக்கு அந்த நாற்காலிமேல் அப்படி ஒரு ஆசை. உட்கார்ந்த இடத்திலிருந்து வானம் தெரியும். மனைவி முன்னால் ஒரு தடவையாவது தலைநிமிர்ந்து நிற்கலாம். அவளும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து, "இன்னிக்காவது வெளிச்சத்துல உக்காந்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

இப்போது அந்தச் சட்டையில் மாமனார் படகின் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"இது ஒற்றைப் புரொப்பெல்லரோட குணம்மா" என்று கரையேறியதும் மாப்பிள்ளை சமாளித்தார். "ரிவர்ஸ்ல ஒரு பக்கமா இழுக்கும். கை பழகிட்டா ஒண்ணும் தெரியாது."

"உங்க கை பழகலையா?"

"கிடங்குல படகு இல்லீங்களே."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விற்பனை நழுவுகிறதோ என்று மாப்பிள்ளை பயந்தார். மச்சினியிடம் விட்டால் காரியம் தேறும் என்று இவர்களை ஆபீஸ் அறைக்கு அழைத்துப் போனார். மாமனாரின் இளைய மகள் அவள். படிப்பை முடித்துவிட்டு ஆபீஸைக் கவனித்துக்கொள்கிறாள். இரட்டையைப் பற்றி அவளைப்போல விளக்க ஆள் கிடையாது.

"முன்னாடி உள்ளது வலப்பக்கம் சுத்தும், பின்னாடி உள்ளது இடப்பக்கம் சுத்தும்" என்று அவள் இருவருக்கும் டீ கொடுத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் எதிரெதிராகச் சுற்றிக் காட்டினாள். "ஒண்ணு இழுக்கற இழுப்பை இன்னொண்ணு சரிக்கட்டிடும். அதனால ரிவர்ஸ்ல கூட நேரா வரும். வளைவுல வழுக்காது. என்ன, அடியில கல்லுல தட்டுச்சுன்னா மாத்த வேண்டியது ரெண்டு. உச்ச வேகமும் கொஞ்சம் கம்மிதான்."

"குறையையும் சேத்துச் சொல்றியேம்மா!" என்றார் கணவர்.

"அப்புறம் நீங்களே வந்து கேப்பீங்களே அங்கிள்."

"ரெண்டும் எதிரெதிராச் சுத்தினா சண்டை வராதா?" என்று அம்மா கேட்டார்.

"பாக்கச் சண்டை மாதிரிதான் இருக்கும். படகு நேராப் போகும்."

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். கணவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு இருவரும் அவளிடம் என்ன படித்தாய், எங்கே படித்தாய் என்றெல்லாம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சு டிரைவை விட்டு எங்கேயோ போகிறதே என்று மாப்பிள்ளை தவித்தார்.

"உங்களுக்கு எது பிடிக்கும் தம்பி? ஒற்றையா, இரட்டையா?" என்று கணவர் திடீரென்று அவர் பக்கம் திரும்பினார்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"அவரையா கேக்கறீங்க?" என்று உள்ளே நுழைந்துகொண்டே மாமனார் முந்திக்கொண்டார். "அவர் அபிப்பிராயத்தை வீட்லயே யாரும் கேக்கறதில்லைங்க. சாம்பார் உப்பா இருக்குதான்னு கூட... சரி விடுங்க. இரட்டையை நானே காட்டறேன். வாங்க. மாப்ள, நீங்க ஓட்டுங்க, நான் பேசறேன். வாயத் தொறக்காதீங்க."

இரட்டைப் புரொப்பெல்லர் போட்ட படகு ஏரிக்குள் கிளம்பியது. எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருக்க, மாமனார் மட்டும் கையில் டீ கிளாஸோடு நடுவில் நின்றார்.

"பாத்தீங்களா? ஒரு சொட்டு சிந்தலை! வீட்டுக் கூடத்துல நிக்கற மாதிரி நிக்கறேன். மாப்ள, திருப்புங்க."

மாப்பிள்ளை மெல்லத் திருப்பினார்.

"அது என்ன திருப்பு? மாட்டு வண்டியா ஓட்டறீங்க? நல்லாத் திருப்புங்க!"

"மாமா, நீங்க உக்காந்துட்டீங்கன்னா..."

"வாயத் தொறக்காதீங்கன்னேன்ல? திருப்புங்க!"

மாப்பிள்ளை நல்லாத் திருப்பினார். இரட்டைப் புரொப்பெல்லர் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. படகு கொஞ்சம்கூட வழுக்காமல் சட்டென்று திரும்பியது. மாமனார் திரும்பவில்லை. அவர் பழைய திசையிலேயே, டீ கிளாஸோடு, நேராக ஏரிக்குள் போனார்.

மாப்பிள்ளை உடனே இன்ஜினை அணைத்தார். பின்னால் சுற்றுவது ஒன்றோ இரண்டோ, தண்ணீரில் ஆள் இருக்கும்போது சுற்றக் கூடாது. துடுப்பை எடுத்துப் போட்டுப் போட்டுப் படகை மெதுவாக மாமனார் பக்கம் கொண்டுபோனார். மாமனார் லைஃப் ஜாக்கெட்டில் பந்துபோல மிதந்துகொண்டே திட்டிக்கொண்டிருந்தார்.

"கொல்லப் பாத்தீங்கல்ல? என்னையக் கொல்லப் பாத்தீங்கல்ல மாப்ள?"

"கையக் குடுங்க மாமா. இன்னொரு கையும். கிளாஸை விடுங்க மாமா, போனாப் போகுது."

மேலே இழுத்துப் போட்டதும் மாப்பிள்ளை தன் சட்டையைக் கழற்றி மாமனாரின் தலையைத் துவட்டினார். மாமனார் தலையைக் காட்டிக்கொண்டே திட்டினார். பனியனோடு நின்ற மாப்பிள்ளையிடம் அம்மா குனிந்து, "பதிலுக்கு ஒரு வார்த்தை பேச மாட்டீங்களா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நல்லவருதாம்மா. இப்பக் கொஞ்சம் நனைஞ்சிருக்காரு."

கரைக்கு வந்ததும் நிலைமை இன்னும் மோசமானது. மாமனாருக்கு மாற்றுத் துணி இல்லை. மாப்பிள்ளை கிடங்குக்கு ஓடிப் போய்த் தன் எண்ணெய்க் கறை அங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு, முழங்கைவரை ஏறி நின்ற அங்கிக் கைகளோடு, மாமனார் ஆபீஸ் அறையில் விற்பனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"இரட்டை வேண்டவே வேண்டாங்க. ஆளைத் தூக்கி வீசிடும். ஒற்றையே வாங்கிக்குங்க."

"அப்பா, நீங்கதானே நேத்து இரட்டைதான் நல்லதுன்னு..." என்றாள் இளையவள்.

"நேத்து நான் விழலை."

"ஒற்றை பக்கவாட்டுல இழுத்துச்சே" என்றார் கணவர்.

"அது டிரைவோட கோளாறு இல்லீங்க. ஓட்டினவரோட கோளாறு."

"மாமா, இரட்டையும் நான்தானே ஓட்டினேன்?" என்று மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அதான் நானும் சொல்றேன்! ரெண்டுக்கும் நீங்கதான் கோளாறு!"

இரண்டு டிரைவுக்கும் பெயர் கெட்டுவிட்டது. இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையில்தான் மாப்பிள்ளைக்குத் துணிச்சல் வந்தது. காலையிலிருந்து யாருமே கேட்காத ஒரு கேள்வியை அவர் கேட்டார்.

"அய்யா, உங்க படகு எத்தனை அடி நீளம்? கனமா, லேசா? குடும்பத்தோட நிதானமாப் போறதா, வேகமா விரட்டறதா? அதைச் சொன்னீங்கன்னா, எது பொருந்தும்னு நான் உள்ளதை உள்ளபடி சொல்லிடுவேன்."

தம்பதி இருவரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள்.

"வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார் கணவர்.

"டீ நல்லா இருந்துச்சும்மா" என்று அம்மா இளையவளின் கன்னத்தைத் தட்டினார். மாப்பிள்ளையைப் பார்த்து, "உடம்பைப் பாத்துக்குங்க தம்பி" என்றார். மாமனாரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் வாசலைத் தாண்டுகிற வரைக்கும் மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். தாண்டியதும் திரும்பினார்.

"வாங்க வந்தவங்களைக் குறுக்கு விசாரணை பண்றீங்களே, நீங்க என்ன வக்கீலுங்களா? எத்தனை அடியா இருந்தா உங்களுக்கு என்னங்க? ஸ்டெர்ன் டிரைவ் பாக்க வர்றவன் படகு இல்லாமலா வருவான்?"

"பொருத்தம் பாத்துச் சொல்லலாம்னுதான் மாமா..."

"நடங்க கீழ!"

மாப்பிள்ளை கீழே நடந்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஈரச் சட்டையால் துடைத்துக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை. வெளிச்சத்தில் உட்கார்ந்தேன் என்று மனைவியிடம் பொய்யாவது சொல்லலாமா என்று யோசித்தார். மாமனார் பின்னாலேயே வந்து கிடங்குக் கதவைத் தானே திறந்துவிட்டார்.

"இனிமே மேல வர்ற பேச்சே கிடையாது. நீங்க உண்டு, உங்க போல்ட்டு உண்டு. புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுது மாமா."

அப்போது படிக்கட்டில் யாரோ இறங்கி வந்தார்கள். அந்தத் தம்பதியின் கார் டிரைவர். இவ்வளவு நேரமும் வெளியே மரத்தடியில் வண்டியோடு நின்றிருந்தவர்.

"அண்ணே, ஒரு சின்ன போல்ட்டு கிடைக்குமா? நம்பர் பிளேட்டு தொங்குது. வாசல்லயே வண்டியை நிறுத்தியிருக்கேன்" என்று மாப்பிள்ளையிடம் கேட்டார்.

மாப்பிள்ளை போல்ட்டைத் தேடப் போனார். மாமனாருக்கு முகம் மலர்ந்தது. டிரைவரின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"வாங்க தம்பி, வாங்க! வண்டிக்குள்ள என்ன பேசிக்கிட்டாங்க? ஒற்றையா, இரட்டையா? எதை எடுக்கப்போறாங்களாம்?"

டிரைவர் திருதிருவென்று விழித்தார்.

"அவங்களுக்குப் படகே கிடையாதுங்களே! உங்க சின்னப் பொண்ணைத் தங்களோட பையனுக்குக் கேக்கலாமான்னு, சொல்லாமக் கொள்ளாம வந்து பாத்தாங்க. பொண்ணு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். ஆனா வண்டியில ஏறினதுலேர்ந்து அம்மா ஒண்ணைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க: 'மூத்த மாப்பிள்ளையக் கிடங்குல போட்டிருக்காரு, நம்ம பையனை எங்க போடுவாரு?'"