கேட்காமலே கொடுத்த பரிசு

கைக்குழந்தைகளின் காது கேட்கும் திறன் குறித்துப் பொதுமக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தும்படி எங்கள் சுகாதார அலுவலகத்துக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. உத்தரவு என்றால் எங்களுக்கு உயிர். இரண்டு நகல் எடுத்து ஒன்றை ஒரு கோப்பிலும் மற்றதை இன்னொரு கோப்பிலும் வைத்தோம். ‘ஏற்படுத்தியாயிற்றா?’ என்று நினைவூட்டல் வந்த பிறகுதான் அதிகாரிக்கு வியர்த்தது.

நான் அங்கே எழுத்தர். அதிகாரி சொல்வதை எழுதுவேன். சொல்லாததையும் அவர் சொன்னதாக எழுதுவேன்.

“ஜனங்க காதுல விழணும்னா சத்தமா சொல்லணும்” என்று முடிவு செய்தார் அதிகாரி. ஏழு ஒலிபெருக்கிகள், ஒரு மேளக் குழு, முழக்கம் போட முப்பது பேர். ஒரு மாதம் ஒத்திகை, கடைசி நாள் விழா. ஒத்திகைக்கு நடைக்கூடத்துக் கோடியில் இருந்த பெரிய அறை ஒதுக்கப்பட்டது.

அதற்கு அடுத்த சின்ன அறையில்தான் காதுப் பரிசோதகர் இருந்தார். அலுவலகமே அவரைக் ‘காதம்மா’ என்றுதான் கூப்பிடும். குழந்தையின் காதில் பட்டாணி அளவு முனையை வைப்பார். மெஷின் மெல்லிய ஒலி எழுப்பும். காது நன்றாக இருந்தால் உள்ளிருந்து ஓர் எதிரொலி வரும். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலும் போதும், ஐந்து நிமிட வேலை. ஒரே நிபந்தனை, அறை அமைதியாக இருக்க வேண்டும். ஒத்திகை தொடங்கிய நாளிலிருந்து மெஷின் ‘சத்தம் அதிகம், மீண்டும் முயலவும்’ என்பதைத் தவிர வேறெதுவும் காட்டவில்லை.

காதம்மா அதிகாரியிடம் போனார்.

“ஐயா, தினம் ஒரு மணி நேரமாவது அமைதி வேணும்.”

“எதுக்கு?”

“குழந்தைங்களுக்குக் காது பாக்க.”

“அதுக்காகத்தானேம்மா இவ்வளவு சத்தம் போடறோம்?”

“பொறந்த ஒரு மாசத்துக்குள்ள பாத்துடணும் ஐயா. குறை இருந்தா ஆறு மாசத்துக்குள்ள கருவி மாட்டிட்டா, பேச்சு கத்துக்கறது சுலபம். நாள் தள்ளத் தள்ள கஷ்டம்.”

“அருமையான கருத்து” என்றார் அதிகாரி. என் பக்கம் திரும்பி, “இதை முழக்கத்துல சேத்துக்கங்க. ஆமா, உத்தரவுல ‘பரிசோதனை’ங்கற வார்த்தை இருக்கா?”

இரண்டு கோப்புகளிலும் தேடினேன். இல்லை.

அந்த மாதத்தில் ஒரு தையல்காரப் பெண் எட்டு முறை வந்தாள். இடுப்பில் நான்கு மாதப் பெண் குழந்தை. எட்டு முறையும் அவளுக்கு அடுத்த தேதி எழுதிக் கொடுத்தவன் நான். ஒருநாள் மேளம், ஒருநாள் ஒலிபெருக்கிச் சோதனை, ஒருநாள் முழக்கத்தில் எதுகை உதைத்ததால் மறு ஒத்திகை.

“தட்டு கீழ விழுந்தா நானே பதறிப் போறேன் சார், இவ கண்ணக்கூடச் சிமிட்டறதில்ல” என்றாள். “பக்கத்து வீட்டுக்காரங்க, இடி இடிச்சாலும் தூங்குது, நீ குடுத்து வெச்சவங்கறாங்க. மாமியாரு, உன் புருஷனே நாலு வயசு வரைக்கும் வாயத் திறக்கலைங்கறாங்க.”

“அப்புறம் சரியாயிடுச்சு இல்ல?” என்றேன்.

“அவரு இப்பவும் வாயத் திறக்கறதில்ல சார்.”

பக்கத்து அறையில் மேளம் அதிர்ந்தது. வியாழக்கிழமை வரும்படி எழுதிக் கொடுத்தேன்.

விழா நாள். அலுவலக முற்றத்தில் மேடை. குழந்தையோடு வரும் தாய்மார்களுக்கு முன்வரிசை. அதிகாரி “அன்பார்ந்த தாய்மார்களே” என்று வாயைத் திறந்ததும் ஏழு ஒலிபெருக்கிகளும் அலறின. மறுகணம் கூட்டத்தில் இருந்த அத்தனை குழந்தைகளும் வீல் என்று கத்தின. முக்கால் மணி நேரம் அவர் பேச, அவை அழ, யார் யாருக்கு விழிப்பூட்டினார்கள் என்றே தெரியவில்லை.

ஒரு குழந்தை மட்டும் அழவில்லை. தையல்காரி மடியிலிருந்து, அதிகாரியின் கை மேலும் கீழும் போவதைப் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தது. அதிகாரி உருகிவிட்டார்.

“இந்தக் குழந்தையைப் பாருங்கள்! ஒரு சிணுங்கல் உண்டா? என் உரையை முழுமையாகக் கேட்டு மகிழ்ந்த ஒரே குடிமகள். விழாவின் முன்மாதிரிக் குழந்தையாக இவளை அறிவிக்கிறேன்!”

தாயும் மகளும் மேடைக்கு வந்தார்கள். நான் தட்டில் வைத்து நீட்டிய கிலுகிலுப்பையை எடுத்து, அதிகாரி குழந்தையின் காதருகே ஆட்டினார். குழந்தை அவர் மீசையைப் பார்த்தது.

“ஐயா, பாப்பா எதுவுமே கேக்கலைங்க” என்றாள் தாய்.

அதிகாரி ஒலிவாங்கியை வாய்க்கு இழுத்தார். “கேக்கலைன்னா என்னம்மா? கேக்காமலே கொடுக்கறதுதான் நம்ம வழக்கம்!”

பலத்த கைதட்டல். அவள் மறுபடி ஏதோ சொன்னாள். அதற்குள் மேளம் தொடங்கிவிட்டது. ‘காது’ என்று அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கையில் தட்டு இருந்ததால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மேடைக்குக் கீழே நின்ற காதம்மா கிலுகிலுப்பையையும் பார்த்தார், குழந்தையின் கண்ணையும் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று மின்பெட்டி இருந்த பக்கம் போனார். சற்று நேரத்தில் ஏழு ஒலிபெருக்கிகளும் ஒரே மூச்சில் அடங்கின. மேளக்காரர்கள் இதுதான் சாக்கு என்று தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

அதிகாரி நிறுத்தவில்லை. உதடு அசைந்தது, கை ஆடியது. இரண்டாம் வரிசைக்கு அப்பால் யாருக்கும் ஒரு சொல்கூட எட்டவில்லை.

காதம்மாவின் மெஷினுக்கு பேட்டரி உண்டு. அழுகை ஓய்ந்த குழந்தைகளைத் தன் அறைக்கு வரவழைத்து, ஐம்பது நிமிடத்தில் ஒன்பது பேரைப் பார்த்தார். முதலில் தையல்காரியின் மகள். இரண்டு காதிலும் எதிரொலி இல்லை. இரண்டாம் முறை வைத்துப் பார்த்தார், அப்போதும் இல்லை. பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார்.

தாய் அழவில்லை. “அப்ப நான் சொன்னது சரிதானே?” என்றாள்.

“ரொம்ப சரிம்மா. அங்க முழுச் சோதனை செஞ்சுதான் உறுதியாச் சொல்லுவாங்க. ஆனா நேரத்தோட வந்துட்டே.”

“நேரத்தோட எட்டு தடவை வந்தேங்க.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கீழே விழுந்த எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தாள். குழந்தையின் இரண்டு காதிலும் சின்னக் கருவி. காற்றில் என் அறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. குழந்தை தூக்கிவாரிப் போட்டு அழுதது. தாய் அதைத் தேற்றாமல் வாய் கொள்ளாச் சிரிப்போடு நின்றாள்.

“சார், இன்னொரு தடவை கதவைச் சாத்துங்க.”

என் பணிக்காலத்திலேயே உடனடியாக நிறைவேற்றிய ஒரே மனு அதுதான். மூன்று முறை சாத்தினேன்.

இதற்கிடையில் மேலிடத்திலிருந்து விசாரணை வந்திருந்தது. மின்சாரத்தைத் துண்டித்து விழிப்புணர்வுக்கு இடையூறு செய்தது யார் என்று. பதினான்கு ஊழியர்களிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். காதம்மா போனதை நான் கண்ணால் பார்த்தவன். ஆனால் படிவத்தில் ‘அச்சமயம் தாங்கள் கேட்டது என்ன?’ என்றுதான் இருந்தது. பார்த்தது என்ன என்று இல்லை. ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று எழுதினேன். அதிகாரி உட்பட எல்லோரும் அப்படியே எழுதினார்கள்.

மேலிடம் அதை ஊன்றிப் படித்தது. ‘பதினான்கு பேருக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்பது மிகுந்த கவலைக்குரியது. ஊழியர் அனைவருக்கும் உடனடியாகக் காதுப் பரிசோதனை நடத்தி அறிக்கை அனுப்பவும்.’

இந்த உத்தரவில் ‘பரிசோதனை’ என்ற வார்த்தை இருந்தது. அதனால் அதிகாரி அலுவலகம் முழுவதும் மூன்று நாள் பூரண அமைதி அறிவித்தார். ஊசி விழுந்தால் கேட்கும். அந்த மூன்று நாளும் வந்த குழந்தைகளுக்கு நான் வேறு தேதி எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் காதம்மா முடிவைச் சொன்னார்.

“பதினாலு பேருக்கும் காது பிரமாதமா கேக்குது. குறை வேற எங்கயோ இருக்கு. அதைக் கண்டுபிடிக்க என்கிட்ட மெஷின் இல்ல.”

முதல் வாக்கியத்தை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி, சட்டம் போட்டு வாசலில் மாட்டச் சொன்னார் அதிகாரி. நானே எழுதினேன். தேதி மாறிப்போன தாய்மார்கள் இப்போது அதன் கீழேதான் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.