இடுப்பு உங்களுது, அளவு என்னுது

பேண்ட்டின் கொக்கி மாட்டவில்லை.

கவுன்சிலர் மூச்சை உள்ளே இழுத்தார். தையல்காரர் துணியை முன்னால் இழுத்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் களைத்துப்போய் விட்டார்கள். கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி, படியாத பேரம் மாதிரி அப்படியே நின்றது.

"இன்னொரு தரம் இழுங்க, தலைவரே."

"இதுக்கு மேல இழுத்தா முதுகு வழியா வந்துடும், மாஸ்டர்."

"உங்க அளவு முப்பத்துநாலு. முப்பத்துநாலுக்குத்தான் வெட்டியிருக்கேன்."

"காலைப் பாருங்க. கணுக்காலுக்கு மேல நிக்குது."

"வயிறு துணியை மேல இழுக்குது. கால் ஏறத்தானே செய்யும்?"

பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த தையல்காரர் மனைவி தலையை நிமிர்த்தவில்லை. "அவரு உயரமாயிட்டாருன்னு சொல்லாம விட்டீங்களே" என்றாள்.

அந்தக் கடையில் கம்ப்யூட்டர் கிடையாது. அளவு எழுதி வைக்கும் பழக்கமும் கிடையாது. ஒருவரை ஒருமுறை அளந்தால் ஆயுசுக்கும் தலையில் நிற்கும். துணியைக் கொடுத்துவிட்டுப் போனால் போதும், அளவுக்கு ஆள் நிற்கவே வேண்டாம். மாஸ்டருக்கு அதில்தான் பெருமை. நாளிதழில் தொழில்நுட்பப் பக்கத்தை வரி விடாமல் படிப்பார். படித்ததை ட்ரயலுக்கு வந்தவர்களிடம் சொல்வார். உடம்பெல்லாம் குண்டூசியோடு நிற்பவர்கள் எங்கே ஓடுவார்கள்?

"உங்க போன்ல இருக்கிறதை எவனோ கடல் தாண்டி உக்காந்து படிக்கிறான். என் தலையில இருக்கிறதை என் வீட்டுக்காரியே படிக்க முடியாது."

"படிக்கிற அளவுக்கு அதுல என்ன இருக்கு?" என்பாள் அவள்.

இப்போது வேறு வழியில்லை. கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக் கவுன்சிலரின் இடுப்பைச் சுற்றினார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். சுவருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"முப்பத்தெட்டு."

கவுன்சிலர் முகம் கறுத்தது. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க ஒட்டியிருந்த போஸ்டரில் அவர் கையை வீசி நடந்துகொண்டிருந்தார். கீழே, 'நடந்தே பார்த்தவர், நடத்திக் காட்டியவர்' என்று கொட்டை எழுத்து. தினமும் வார்டு முழுவதையும் நடந்தே சுற்றுகிறேன் என்பதுதான் அவருடைய முதலீடு, வட்டி, லாபம் எல்லாம்.

"மாஸ்டர், இது வெளிய போகக்கூடாது."

"உங்க இடுப்பு பேங்க் லாக்கர்ல இருக்கிற மாதிரி."

"இடுப்பு என்கிட்டயே இருக்கட்டும். நம்பரை மட்டும் மறந்துடுங்க."

"மறக்கிற வழக்கம் நம்ம கடையில இல்லீங்க."

"நீங்கதானே போன தடவை ட்ரயல்ல நிக்க வெச்சுச் சொன்னீங்க, அவனவன் டேட்டா அவனவனுக்குச் சொந்தம்னு? என் இடுப்பு, என் டேட்டா. அழிங்க."

தான் விற்ற சரக்கே தன் தலைக்குத் திரும்பி வந்ததில் மாஸ்டர் ஒரு கணம் திகைத்தார். ஆனால் அசரவில்லை.

"இடுப்பு உங்களுது, தலைவரே. அளவு என்னுது. நான் டேப்பைச் சுத்துற வரைக்கும் முப்பத்தெட்டுன்னு ஒண்ணு உங்ககிட்ட இருந்துச்சா? டேப்பு என்னுது, கை என்னுது, கண்ணு என்னுது."

"இடுப்பையாவது விட்டுக் குடுத்தீங்களே" என்றாள் மனைவி.

பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் துணி மூட்டையோடு வாசலில் வந்து நின்றார். "அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும்..."

"அப்புறம் வாப்பா. ட்ரயல் நடக்குது."

கவுன்சிலர் போகும்போது வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். வார்டு ஊழியர்கள் அத்தனை பேருக்கும் சீருடை தைக்கும் வேலை வரப்போகிறது. வாயை மூடி வைத்திருக்கும் கடைக்குத்தான் அது போகும்.

மாஸ்டர் மூடித்தான் வைத்திருந்தார். அதற்குள் டீச்சரின் ஜாக்கெட் முழங்கையில் நின்றுவிட்டது. வங்கிக் காவலாளியின் சட்டை தோளோடு சரி, மார்பில் பட்டன் சேரவில்லை. டீக்கடைக்காரரின் பேண்ட் தொடையைத் தாண்ட மறுத்தது. எல்லாம் நினைவிலிருந்து வெட்டியவை. தன் தலையில் ஏதாவது ஓட்டை விழுந்துவிட்டதோ என்று மாஸ்டருக்கு ஒரு நிமிஷம் பயம் வந்தது. எல்லாரையும் கூப்பிட்டு அளந்தார். ஆளுக்குப் பத்து அங்குலத்துக்கு ஒரு அங்குலம் கூடியிருந்தது. குண்டு, ஒல்லி என்ற வித்தியாசமே இல்லை. புது அளவுக்கு வெட்டித் தைத்துக் கொடுத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

பயம் போய்ப் பெருமை வந்தது. தலை சரியாகத்தான் இருக்கிறது. தெருதான் பெருத்துவிட்டது.

இப்படிப்பட்ட கண்டுபிடிப்பை ஒரு மனிதன் எத்தனை நேரம்தான் தனியாகச் சுமப்பான்? மருந்துக்கடை வைத்திருந்த மைத்துனர் டீ குடிக்க வந்தார்.

"மாப்ள, உக்காரு. நீ உக்காரக்கூடாது, நில்லு. இந்தத் தெருவே பத்துக்கு ஒண்ணு பெருத்துப்போச்சு."

"யாரு மாமா சொன்னா?"

"என் டேட்டா சொல்லுது. காரணம் என்ன தெரியுமா? போன். உக்காந்த இடத்துல சினிமா, உக்காந்த இடத்துல பேங்க், உக்காந்த இடத்துலயே சண்டை. முன்னாடியெல்லாம் ஒருத்தனைத் திட்டணும்னா அவன் வீடு வரைக்கும் நடக்கணும். இப்ப ரெண்டு விரல் போதும். மீதி உடம்பு என்ன பண்ணும்? பெருக்கும்."

"யார் யாரு மாமா?"

"பேரு கேக்காத. கழுத்தை அறுத்தாலும் சொல்லமாட்டேன். நடந்து நடந்து ஓட்டு கேக்கிறவங்க உட்பட. அவ்வளவுதான்."

வார்டில் போட்டியிட்டவர்கள் இரண்டே பேர். எதிரணிக்காரர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காதவர். ஆகவே பேர் தேவைப்படவில்லை.

டீ டம்ளர் காய்வதற்குள் தெரு குரூப்பில் செய்தி வந்துவிட்டது. 'நடந்தால் குறைய வேண்டும், கூடியது எப்படி?' என்று எதிரணிக்காரர் கேட்டார். கேட்டதைப் படம் போட்டும் அனுப்பினார்.

கடையின் மானம் சந்திக்கு வந்துவிட்டது. மாஸ்டர் உடனே அதைச் சரி செய்தாக வேண்டும். போனை வாய்க்கு நேராகப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, குரூப்புக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

"அன்புள்ள தெருவாசிகளுக்கு. கவுன்சிலர் அவர்களின் இடுப்பு முப்பத்துநாலிலிருந்து முப்பத்தெட்டு ஆகிவிட்டது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நன்றி."

மனைவி ஊசியைக் கீழே வைத்தாள். "இப்ப யாருகிட்ட சொன்னீங்க?"

"யாருகிட்டயும் சொல்லலேன்னு சொன்னேன்."

"எத்தனை பேருகிட்ட?"

மாஸ்டர் போனைப் பார்த்தார். பதறிப்போய் அழித்தார். செய்தி மறைந்தது. பெருமூச்சு விட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பக்கத்துக் கடையில் அவருடைய குரலே அவருக்குக் கேட்டது. 'கவுன்சிலர் அவர்களின் இடுப்பு முப்பத்துநாலிலிருந்து...' அவர் போனில் மட்டும்தான் அழிந்திருந்தது.

இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, இப்ப ஒரு நிமிஷம் இருக்குமா?"

"உன் அளவை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பயப்படாம போ."

ஒருவர் மட்டும் சிக்கினால்தானே அவமானம், எல்லாரும் சிக்கினால் அது ஊர் நடப்பு என்று மாஸ்டருக்குத் தோன்றியது. சந்தையில் ஒரு கடையில் விலை ஏறினால் சண்டை வரும், எல்லாக் கடையிலும் ஏறினால் வாங்கிக்கொண்டு போவார்கள் அல்லவா? அந்தக் கணக்கில் இரண்டாவது செய்தி போனது.

"கவுன்சிலரை மட்டும் குறை சொல்ல வேண்டாம். இந்தத் தெருவில் எல்லாருக்கும்தான் கூடியிருக்கிறது. ஆண், பெண் பேதமே இல்லை."

முதலில் வந்தவர் டீச்சர். "பேதம் பாருங்க மாஸ்டர். கொஞ்சம் பேதம் பாத்துப் பேசுங்க."

"உங்க பேரை நான் சொல்லலையேம்மா."

"தெருவுல ஜாக்கெட் தைக்கக் குடுத்தது யாருன்னு எல்லாருக்கும் தெரியாதா? என் அளவைத் திருப்பிக் குடுங்க."

"தலையில இருக்கிறதை எப்படிம்மா திருப்பித் தர்றது?"

"அது உங்க பாடு."

பின்னாலேயே காவலாளி, டீக்கடைக்காரர், அவர்கள் வீட்டுப் பெண்கள், தைக்கவே கொடுக்காத நாலைந்து பேர். எல்லாரும் தங்கள் டேட்டாவைக் கேட்டார்கள். அதுவரை அந்தச் சொல்லைக் கேட்டாலே கொட்டாவி விட்டவர்கள்தான். மாஸ்டரின் இத்தனை கால வகுப்பு வீண்போகவில்லை.

சாயங்காலம் கவுன்சிலரே வந்தார். நடந்துதான் வந்தார். பின்னால் தெருவே வந்தது.

"மாஸ்டர், நான் கோபப்படல. ஒரே ஒரு வார்த்தை. 'நான் அளந்தது தப்பு'ன்னு இவங்க முன்னாடி சொல்லுங்க. இவங்க எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும் நிம்மதி. சீருடை வேலையும் உங்களுக்கே. இல்லேன்னா அது ரெடிமேட் கடைக்குப் போகும். தெருவும் கூடவே போகும்."

மனைவி பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள். "சொல்லிடுங்களேன். மூணே வார்த்தை."

மாஸ்டர் எழுந்து நின்றார். மடியில் கிடந்த துணித்துண்டுகள் கீழே விழுந்தன.

"பேசினது தப்பு. என் வாய் பண்ணின தப்பு. ஒவ்வொருத்தர் கிட்டயும் தனித்தனியா மன்னிப்பு கேக்கிறேன். சீருடை வேலை போனாப் போகட்டும். ஆனா அளந்தது தப்புன்னு மட்டும் கேக்காதீங்க. கடையை மூடச் சொல்லுங்க, மூடறேன். வாய் தவறும், கத்தரி தவறும். என் அளவு தவறாது."

மனைவிகூட அவரைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அப்ப இவங்க முன்னாடியே அளங்க" என்றார் கவுன்சிலர். கையை மேலே தூக்கிக்கொண்டார்.

"வேற டேப்பு வேணும்னா கொண்டு வரட்டுமா மாமா?" என்று மைத்துனர் கேட்டார்.

"என் டேப்பு மேல சந்தேகம்னா என் மேலயே சந்தேகம், மாப்ள."

டேப் சுற்றியது. டீச்சரே குனிந்து படித்தார். "முப்பத்தெட்டு."

கவுன்சிலர் கண்ணை மூடினார். திறந்தபோது முகம் மாறியிருந்தது. எந்தக் காற்றுக்கும் பாய்மரம் விரிக்கத் தெரிந்தவர் அவர்.

"என் அன்புக்குரிய மக்களே, இதை நான் மறைக்க விரும்பல. ஆமா, முப்பத்தெட்டு. உங்க எல்லாருக்கும் கூடும்போது எனக்கு மட்டும் கூடாம இருந்தா நான் உங்கள்ல ஒருத்தனா? நாளைலேர்ந்து நான் தனியா நடக்கப்போறதில்ல. தெருவே நடக்கும். மாசாமாசம் மாஸ்டர் அளப்பாரு. நம்ம டேட்டா எங்கேயோ கடல் தாண்டிப் போகாது. நம்ம தெருவுலயே, நம்ம மாஸ்டர் தலையிலயே, நம்ம சொத்தா இருக்கும்."

கைதட்டல் கூரைத் தகட்டை அதிரவைத்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தைரியமா நின்னீங்க மாஸ்டர் என்று காவலாளி வணக்கம் வைத்தார். சீருடை வேலை அங்கேயே உறுதியானது. எதிரணிக்காரர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து போனதை எல்லாரும் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்தது. மாஸ்டர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். முன்பெல்லாம் அதன் நுனி தொப்புளைத் தொடும். இப்போது நெஞ்சோடு நின்றது. அந்த அளவுக்குத் தன் நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது என்று அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"நாணயம்னா இதுதான்" என்றார் மனைவியிடம். "உலகமே டேட்டாவைத் திருத்துது. நான் திருத்தல."

அவள் மறுத்துப் பேசவில்லை. அது அவர் வாழ்க்கையில் கிடைத்த முதல் விருது.

வாசலில் இஸ்திரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருந்தார்.

"வாப்பா, வா. நாளைக்கு நீயும் நடக்க வரணும். அப்பலேர்ந்து என்னமோ சொல்ல வர்றியே, என்ன அது?"

"கோச்சுக்காதீங்கண்ணே. உங்க டேப்பு சுருண்டு சுருண்டு கிடக்குன்னு அண்ணி ஒருநாள் தேய்க்கக் குடுத்தாங்கல்ல, கொஞ்சம் சூடு கூடிப்போய் அது என் கண்ணு முன்னாடியே முக்கால் சாண் சுருங்கிடுச்சு."