ஃபேன் சுவிட்ச் வரை ஓர் ஓட்டம்

அடிபடாமல் ஓடுவது எப்படி என்று வீடியோ பார்த்த நேரத்துக்கு ஓடியிருந்தால், ஆவடியிலிருந்து திருப்பதிக்கே போய்ச் சேர்ந்திருப்பேன். எல்லா வீடியோவும் சொன்னது ஒன்றுதான்: மெதுவாக ஆரம்பியுங்கள். நன்றாகத் தலையாட்டிவிட்டுத்தான் முதல் நாள் காலையில் சாலையில் இறங்கினேன். பின்னாலேயே பக்கத்துப் போலீஸ் முகாமில் பயிற்சி எடுக்கும் பையன்கள் வரிசையாக ஓடி வந்தார்கள். ஒதுங்கி வழிவிடத்தான் நினைத்தேன். என்ன ஆனதென்று தெரியவில்லை, நானும் அந்த வரிசையில் ஓடிக்கொண்டிருந்தேன். (மானம் என்று ஒன்று இருக்கிறதே!)

வலது காலில், முழங்காலுக்குக் கீழே, எலும்போடு சுரீர் என்றது. அடுத்து வந்த ஞாயிறு பட்டாபிராமில் பெண் பார்க்கப் போகவேண்டும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அம்மா என்னை உயிரோடு விடமாட்டாள்.

நண்பன் பாபுவுக்கு ஃபோன் போட்டேன். "ஐஸ் வெச்சுகினு கம்முனு கெட மாமே, சரியாப் பூடும்" என்றான்.

"ஐஸா? வெந்நீர் ஒத்தடம் குடுடா!" என்றாள் அம்மா.

யார் சொல்வது சரி? இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். வலது காலைத் தாங்கித் தாங்கி நடந்ததில், சனிக்கிழமைக்குள் இடது கணுக்காலும் வீங்கிவிட்டது. இனி எந்தக் காலைத் தாங்குவது என்று எனக்கே புரியவில்லை.

"கால்ல ஏதோ குறைன்னு நெனச்சுடப் போறாங்க. நேரா நட" என்று பெண் வீட்டு வாசலில் அம்மா கிசுகிசுத்தாள்.

பெண்ணின் அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வண்டிகளைச் சோதித்து அனுப்பும் வேலை. மனிதர் என் முகத்தையே பார்க்கவில்லை; காலைத்தான் பார்த்தார்.

"தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுறீங்களா?"

சுவிட்ச் ஹாலின் அந்தக் கோடியில் இருந்தது. போய்ப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"காத்து ஜாஸ்தியா கீது. கொஞ்சம் கொறைச்சுடுங்க."

மறுபடியும் போனேன்.

ஓரமாக உட்கார்ந்து என் நடையைக் கவனித்துக்கொண்டிருந்த பெண் கேட்டாள்: "போறப்ப இடது காலை நொண்டுனீங்க. வர்றப்ப வலது காலு. உங்களுக்கு எதுலங்க அடி?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கே குழப்பமாத்தாங்க இருக்கு" என்று ஆரம்பித்து, முகாம் பையன்கள், ஐஸ், வெந்நீர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது சம்மதமா, கிண்டலா? கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் எனக்குத் தெளிவாகவில்லை.

இப்போதும் மாமனார் வீட்டுக்குப் போனால், உறவுக்காரர்கள் நிறைந்த ஹாலில் அவர் மெல்லக் கூப்பிடுவார்: "மாப்ளே, அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்க."

எல்லோரும் என் கால்களையே பார்ப்பார்கள். நானும் எழுந்து பாதி தூரம் போய்விடுவேன். ஃபேன் ஏற்கெனவே சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.