கோப்பைத் திருடனும் ஒகோலாவும்

துப்பறிவாளர்களில் இரண்டு வகை. திருட்டு நடந்த இடத்துக்குப் போய், நாலு பேரை விசாரித்து, கால் தேய அலைந்து கண்டுபிடிப்பவர்கள் ஒரு வகை. அந்தப் பாவப்பட்ட ஜென்மங்களை விடுங்கள். நாற்காலியை விட்டு அசையாமல், தொலைக்காட்சித் தொடரின் தொடக்கப் பாட்டு முடிவதற்குள் 'இவன்தான்' என்று விரலை நீட்டுகிறாரே, அந்த மகானைப் பற்றித்தான் பேச்சு. அவர் இல்லாத வீடு உண்டா? கென்யாவின் கிசுமு நகரில் எங்கள் குடியிருப்புக்கு வாய்த்தவர், சைக்கிள் சாமான் கடை ஒகோலா.

ஞாயிறு மாலை, ஸுஹுரா என்ற பள்ளிக்கூடப் பெண் துப்பறியும் நாடகம் வரும். அவள் பாவம், புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வெயிலில் அலைவாள். ஒகோலாவுக்கு அதெல்லாம் எதற்கு? திரையில் ஒருவன் சிரித்தால் அவன் திருடன், சிரிக்காவிட்டால் மகா திருடன். யூகம் பலித்தால் "நான் அப்பவே சொன்னேன்" என்பார். பலிக்காவிட்டால் கதை எழுதியவனுக்கு மூளை இல்லை.

அந்த ஞாயிறு மட்டும் விஷயம் வேறு. தலைபின்னும் கடை வைத்திருக்கும் அவர் மனைவி அக்கேயோ, அன்றைய பகுதியில் மீன்காரியாக வருகிறாள். ஒரே ஒரு வசனம். அது என்னவென்று ஒளிபரப்பாகும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று படமெடுத்தவர்கள் சொல்லிவிட்டதால், மாதக்கணக்கில் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். வாடிக்கைக்காரிகள் தலையைப் பின்னும்போதெல்லாம் அந்த வசனம் தொண்டைவரை வந்து திரும்பும். ஊர் கேட்கிறதோ இல்லையோ, புருஷன் கேட்க வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

மண்டாசி என்ற இனிப்புப் பணியாரம் சுட்டு, தேநீர் போட்டு, பக்கத்து வீட்டு ரிஸ்பாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். நாடகம் தொடங்கியது. பள்ளிக்கூடத்தின் வெள்ளிக் கோப்பையைக் காணோம்.

"வாட்ச்மேன்தான்," என்றார் ஒகோலா, வாய் நிறைய மண்டாசியோடு. "செருப்பைப் பாரு. வாட்ச்மேனுக்கு ஏது அவ்ளோ நல்ல செருப்பு?"

"அண்ணே, செத்த நேரம் சும்மா இருங்களேன். அக்கா வரப்போறாங்க," என்றாள் ரிஸ்பா.

வந்தாள். தலையில் கூடை, இடுப்பில் கை, அப்படியொரு மிடுக்கு. ஸுஹுரா ஏதோ கேட்டாள். திரையில் இருந்த அக்கேயோ வாயைத் திறந்தாள். நாற்காலியில் இருந்த அக்கேயோ மூச்சைப் பிடித்தாள்.

ஒகோலா எழுந்தார். திரையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! கோப்பையை வாட்ச்மேன் எங்க வெச்சிருப்பான்? தண்ணித் தொட்டிக்குள்ள. ஏன் சொல்லு? அங்கதான் யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. இந்த மாதிரி எத்தனை பாத்திருக்கேன்!"

அவர் உட்கார்ந்தபோது மீன்காரியும் இல்லை, கூடையும் இல்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், அவள் சொன்னது இதுதான்: "துணைத் தலைமையாசிரியர் என்கிட்ட மீன் வாங்கல பாப்பா. மீன் சுத்தற பழைய பேப்பரைத்தான் காசு குடுத்து வாங்கிட்டுப் போனாரு." அந்தப் பேப்பரில்தான் கோப்பையைச் சுற்றி ஒளித்திருந்தார் மனுஷர். துப்பு முழுக்க அந்த ஒரு வசனத்தில்தான்.

கடைசியில் துணைத் தலைமையாசிரியரின் பீரோவிலிருந்து, மீன் நாற்றத்தோடு கோப்பை வெளியே வந்தது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் ஒகோலா.

அக்கேயோ மெதுவாகக் கேட்டாள். "எப்ப சொன்னீங்க?"

"அதான், நீ கூடையோட வந்து நின்னு ஏதோ மொணமொணத்தியே, அப்பதான்."

ரிஸ்பா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கேயோ எழுந்தாள். தேநீர்க் கோப்பைகளை எடுத்து அடுக்கினாள்.

"ஆமா, நீ என்னதான் சொன்னே?" என்றார் அவர்.

"நீங்கதான் பெரிய துப்பறிவாளராச்சே. கண்டுபிடிங்க," என்று உள்ளே போய்விட்டாள்.

இன்றுவரை அவர் கண்டுபிடிக்கவில்லை.

படிக்கும் பெருமக்களே, அவள் வாயைத் திறக்கும்போது இவர் குறுக்கே புகுவார் என்று உங்களுக்கு முன்னமே தெரிந்திருக்கும். தெரியாமலா? நீங்கள் யார்! அந்தக் கெட்டிக்காரத்தனம் இருக்கட்டும். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டில் ஒருவர் உங்களிடம் ஏதோ சொன்னாரே, என்ன சொன்னார்?